ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் வந்து தங்கினால்



தானா ராத்தா என்ற மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். சுற்றிலும் மலையும் சரிவுமாக உள்ள இந்தப் பகுதியில் சற்றுச் சமமான இடம் இது என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைநாட்டைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து மலைப்பாதை வந்து சேர்ந்தது. அன்று முதல் இந்தப் பாதையில் இருவகை மக்கள் ஏறி வருகிறார்கள். உழைத்துப் பிழைக்க வந்தவர்கள் ஒரு வகை. குளிர்ச்சியில் இரண்டு நாள் இளைப்பாற வருகிறவர்கள் இன்னொரு வகை.

நம்முடைய குடும்பங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. ஆனால் இரண்டாவது வகையினரை வரவேற்று, படுக்கை விரித்து, சாவி கொடுக்கும் வேலையும் இப்போது நம் வீடுகளுக்கு வந்திருக்கிறது. சில குடும்பங்களில் பிள்ளைகள் சம்பாதித்துத் தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ ஓர் அடுக்குமாடி வீடு வாங்கி, அதை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வேறு சில குடும்பங்களில், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் வீட்டுக்காரர்களுக்காக நம் தாய்மார்கள் சாவி வைத்திருந்து, வீட்டைத் துப்புரவு செய்து, வருகிறவர்களை உள்ளே விடுகிறார்கள். இந்த இரண்டு வகையினரும் இன்றைய பேச்சைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இந்த நாள் வாடகை வீடுகளை எல்லாரும் 'ஹோம்ஸ்டே' என்றே அழைக்கிறோம். அரசாங்கம் ஹோம்ஸ்டே என்று பதிவு செய்யும் திட்டம் வேறு. அது 1995ஆம் ஆண்டில் நமது பகாங் மாநிலத்திலேயே, தெமெர்லோவில் உள்ள டேசா மூர்னி கிராமங்களில் தொடங்கியது. அதில் விருந்தினர் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து, அவர்கள் வீட்டிலேயே தங்குகிறார். வீட்டுக்காரர் கண்ணெதிரே இருக்கிறார். நாம் பேசப்போகும் வீடுகளில் அப்படியில்லை. சாவியைக் கொடுத்த பிறகு முழு வீடும் வந்தவர் கையில் இருக்கிறது. ஆகையால்தான் சாவி யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி முக்கியமாகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டையோ குவார்ட்டர்ஸையோ ஒரு நாளைக்குக்கூட வெளியாருக்கு வாடகைக்கு விடக் கூடாது. அது வேலையோடு வந்த குடியிருப்பு. நமக்குச் சொந்தமானது அன்று. பள்ளி விடுமுறையில் கிடைக்கும் நூறு இருநூறு வெள்ளிக்காக வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்து வினை தேடிக்கொள்ள வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு வீட்டுக்கு முன்பதிவு வரும்போது அதில் மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். பதிவு செய்கிறவர் ஒருவர். பணம் கட்டுகிறவர் ஒருவர். வந்து தங்குகிறவர் ஒருவர். பெரும்பாலும் இந்த மூவரும் ஒரே ஆள்தான். அப்போது சிக்கல் ஒன்றுமில்லை. ஆனால் சில வேளைகளில் பதிவு செய்தவர் கோலாலம்பூரில் இருப்பார். பணம் கட்டிய அட்டை வேறொருவருடையதாக இருக்கும். வாசலில் வந்து நிற்பவர் மூன்றாவது ஒருவராக இருப்பார். இதைத்தான் பிறருக்காகச் செய்யும் முன்பதிவு என்கிறோம்.

இது குற்றமா என்றால், இல்லை. பிறருக்காகப் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. வாக்குக் கொடுத்தவர் வரமாட்டார். வந்தவர் வாக்குக் கொடுத்திருக்கமாட்டார். வீட்டு விதிகளைப் படித்தவர் ஒருவர், வீட்டில் நடமாடுகிறவர் வேறொருவர். ஏதாவது நேர்ந்தால் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். நடுவில் நிற்பது சாவி கொடுத்தவர்தான்.

என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உயிரைப் பற்றிப் பேச வேண்டும்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன் பத்தாங் காலியில் மலைச்சரிவு ஏற்பட்டது. அங்கே ஒரு பண்ணை முகாமில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த மக்கள் மண்ணில் புதைந்தார்கள். 31 பேர் இறந்தார்கள். அன்று மீட்புப் படையினர் மண்ணைத் தோண்டிக் கொண்டிருக்கும்போதே, அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு திருத்தித் திருத்திச் சொல்லப்பட்டது. மண்ணுக்கடியில் இன்னும் எத்தனை பேர் என்று தெரியாமல் தேடுவது எவ்வளவு கொடுமை என்று எண்ணிப் பாருங்கள். நம்முடைய மலையும் மழைக்காலத்தில் சரிகிற மலைதான். 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ரிங்லெட்டுக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் அணை நீர் திறக்கப்பட்டு வெள்ளம் வந்து உயிர்கள் போனதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

காட்டுப் பாதைகளும் அப்படித்தான். தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் சுற்றி எண் போட்ட காட்டுப் பாதைகள் இருக்கின்றன. 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், ஜிம் தாம்சன் என்ற பட்டு வணிகர் தானா ராத்தாவில் நண்பர்களின் பங்களாவில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது வெளியே போனவர் திரும்பவேயில்லை. பெரிய தேடுதல் நடந்தும் அவர் கிடைக்கவில்லை. அவரையாவது வீட்டார் நன்கு அறிந்திருந்தார்கள். யாரைத் தேடுவது என்று தெரிந்தது. நம் வாடகை வீட்டில் தங்கிய ஒரு பையன் மாலையில் காட்டிலிருந்து திரும்பவில்லை என்றால், காவல் நிலையத்தில் நாம் யார் பெயரைச் சொல்வது? பதிவில் இருப்பது அவனுடைய அக்காள் பெயர். அவளோ ஜொகூர் பாருவில் இருக்கிறாள். அவனுடைய கைப்பேசி எண் நம்மிடம் இல்லை. உடன் வந்தவர்கள் மூவரா நால்வரா என்பதும் தெரியாது. ஆகவே வருகிறவர் பெயரை எழுதிக்கொள்வதில் வெறும் சந்தேகம் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். அதில் அவர்களுடைய பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. தங்குமிடம் நடத்துவோர் விருந்தினர் பதிவேடு வைக்க வேண்டும் என்று 1965ஆம் ஆண்டின் விருந்தினர் பதிவுச் சட்டம் கூறுகிறது. அந்தப் பதிவேட்டில் எழுத வேண்டியது தங்குகிறவரின் விவரம். தொலைவிலிருந்து பதிவு செய்தவரின் பெயர் மட்டும் இருந்தால் அது விருந்தினர் பதிவேடு ஆகாது. வெளிநாட்டவர் வந்தால் கடப்பிதழையும் விசாவையும் பார்த்துக்கொள்வது அவசியம். உரிய ஆவணம் இல்லாதவர்களை வீட்டில் தங்கவிட்டால், குடிநுழைவுச் சட்டப்படி வீட்டை வைத்திருப்பவரும் குற்றவாளி ஆகலாம். "வேறொருவர் பதிவு செய்தார், எனக்கு எதுவும் தெரியாது" என்று அப்போது சொல்வது எடுபடாது.

பிறருக்காகச் செய்யும் முன்பதிவுகளை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். வகைக்கேற்ப நாம் நடந்துகொள்ளும் முறையும் மாறும்.

முதல் வகை, குடும்பத்தார் குடும்பத்தாருக்காகச் செய்வது. மகள் தன் தாய் தந்தைக்கு அறை பதிவு செய்கிறாள். இணையம் பழகாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தான் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. இதில் தவறில்லை. ஆனால் 18 வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டும் தங்குவதற்காக மூத்தவர் ஒருவர் பதிவு செய்வது உண்டு. நம் நாட்டில் 18 வயது நிரம்பியவரே சட்டப்படி வயது வந்தவர். பொறுப்பேற்க வயது வந்தவர் ஒருவராவது உடன் தங்காவிட்டால் அந்தப் பதிவை ஏற்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் வகை, நிறுவனமோ சங்கமோ கோயில் குழுவோ தன் ஆட்களுக்காகச் செய்வது. குத்தகையாளர் ஒருவர் மின்கம்பி இழுக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு வாரம் வீடு எடுப்பார். இங்கே பதிவு செய்பவர் எழுத்தர். பணம் கட்டுவது நிறுவனம். தங்குவது பத்துப் பேர். அப்படிப்பட்ட பதிவுக்கு நிறுவனத்தின் பெயர் போட்ட கடிதம் ஒன்றையும், தங்குவோர் பட்டியலையும், அவர்களுள் பொறுப்பாளர் யார் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பு என்ற ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.

மூன்றாம் வகை, தரகர் வழியாக வருவது. வேன் ஓட்டுகிறவரோ சுற்றுலா முகவரோ நம் வீட்டைத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டு, கூடுதல் விலைக்குப் பிறருக்குக் கொடுப்பார். வீட்டின் விலையும் விதியும் நாம் சொன்னபடி தங்குபவரிடம் போய்ச் சேர்ந்திருக்காது. ஆறு பேர் தங்கும் வீடு என்று நாம் சொல்லியிருப்போம். பன்னிரண்டு பேர் தங்கலாம் என்று அவர் சொல்லியிருப்பார். வந்தவர்கள் ஸ்டீம்போட் அடுப்பும் பாயும் தலையணையுமாக இறங்குவார்கள். தரகரோடு தொழில் செய்வதானால் தலைக்கணக்கு, விலை, பணம் செலுத்தும் நாள், தங்குபவர் பெயரைத் தரவேண்டிய நாள் ஆகிய நான்கையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் முழுவதும் கைக்கு வருமுன் சாவி கொடுக்க வேண்டாம்.

நான்காம் வகை ஏமாற்று. இதைப் பற்றிச் சற்றுப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இவற்றுக்கிடையே பதிவுத் தளங்களின் விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாத் தளங்களுக்கும் விதி ஒன்றல்ல. ஏர்பிஎன்பி என்ற தளத்தில், சொந்தப் பயணமானால் தங்கப் போகிறவரே பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பதிவு செய்தவரும் வந்து, உடன் பிறரும் வந்தால் அது சரியே. அவர் வராமல் பிறரை மட்டும் அனுப்பினால் அது விதிக்குப் புறம்பு. நிறுவனங்கள் அலுவல் பயணத்துக்குச் செய்யும் பதிவுகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. இந்த விதியை மீறி வந்தவர் வீட்டில் சேதம் செய்துவிட்டால், தளம் வீட்டுக்காரருக்குத் தரும் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். அதுதான் நாம் கவலைப்பட வேண்டிய இடம். புக்கிங் டாட் காம், அகோடா ஆகிய தளங்களிலோ, பிறருக்காகப் பதிவு செய்யும்போது தங்குகிறவரின் பெயரைத் தனியே எழுத இடம் இருக்கிறது. அங்கே நாம் பார்க்க வேண்டியது, எழுதிய பெயரும் வந்த ஆளும் ஒன்றுதானா என்பதை.

பிறருக்காகச் செய்த பதிவு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? செய்தியைப் படித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். "என் மாமா குடும்பம் வருகிறது", "என் முதலாளியின் நண்பர்கள் தங்குவார்கள்" என்று அவர்களே எழுதுவார்கள். எழுதாவிட்டாலும் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பதிவு வந்த அன்றே, அந்தத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே, இப்படி எழுதலாம்: "வணக்கம். உங்கள் பதிவு கிடைத்தது, நன்றி. தங்கப் போகிறவர்களில் நீங்களும் ஒருவரா? தங்கும் பெரியவர்கள் அனைவரின் பெயரையும், அவர்களில் ஒருவரின் கைப்பேசி எண்ணையும், மொத்தம் எத்தனை பேர் என்பதையும் அனுப்புங்கள். அடையாள அட்டை பார்த்த பிறகே சாவி கொடுப்பது எங்கள் வழக்கம்." இவ்வளவு போதும். கடுமை வேண்டாம், ஆனால் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

செய்திப் பெட்டி வழியாகவே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வழக்கு வந்தால் தளத்துக்காரர்கள் அங்கே எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார்கள். தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும். "புலனத்தில் பேசிக்கொள்வோம், பணத்தையும் நேரே அனுப்புகிறேன்" என்று தளத்தில் பதிவு செய்தவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது தளத்தின் விதிக்கு மாறானது. உங்களுக்கும் காப்பு இல்லாமல் போகும்.

தங்கப் போகிறவர் வேறு ஆள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வழி எளிது. ஏர்பிஎன்பி பதிவானால், வருகிறவரையே தம் பெயரில் புதிதாகப் பதிவு செய்யச் சொல்லி, பழைய பதிவை எப்படி நீக்குவது என்று தளத்தின் உதவிப் பிரிவிடம் கேளுங்கள். நீங்களாகவே அவசரப்பட்டு நீக்க வேண்டாம். நீக்கியவர் யார் என்பதைப் பொறுத்துத் தண்டம் உண்டு. மற்றத் தளங்களானால் தங்குபவர் பெயரைத் திருத்தச் சொன்னால் போதும்.

ஆனால் இரவு ஒன்பது மணிக்கு, மழையில், குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம் வாசலில் வந்து நிற்கிறது. பதிவு செய்தவரோ வரவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் நிதானம் வேண்டும். பதிவு செய்தவரைச் செய்திப் பெட்டியில் அழைத்து, இவர்கள் இன்னார், இவர்களுக்கு நான் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். தளத்தின் உதவிப் பிரிவுக்கும் நிலைமையைத் தெரிவியுங்கள். வந்தவர்களில் வயது வந்த ஒருவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, வீட்டு விதிகளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு சாவி கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. கொடுத்தால், யாருக்குக் கொடுத்தோம் என்பது எழுத்தில் இருக்கும்.

பதிவேடு பெரிய காரியமல்ல. கடையில் விற்கும் நீளக் கணக்குப் புத்தகம் ஒன்று போதும். பதிவு செய்தவர் பெயர், தங்குவோர் பெயர்கள், அடையாள அட்டை அல்லது கடப்பிதழ் எண், கைப்பேசி எண், வாகன எண், தலைக்கணக்கு, வந்த நாளும் நேரமும், போகும் நாள், பொறுப்பாளர் கையெழுத்து. இந்த வரிசையில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பாதைக்குப் போகிறவர்களானால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்றும் கேட்டு ஓரத்தில் எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடகு போல வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ள நமக்கு அதிகாரம் இல்லை. அடுத்து, அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதையும் கூடுமானவரை தவிருங்கள். தளத்துக்கோ வேறெதற்கோ எடுக்கத்தான் வேண்டும் என்றால், தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள். பிறருடைய விவரங்களைப் பாதுகாக்க 2010ஆம் ஆண்டிலேயே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒருவர் நம்பிக் கொடுத்த எண்ணை உறவுக்காரர் புலனக் குழுவில் போடுவது பெரும் பிழை.

இந்தக் கேள்விகளை எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். காரில் வந்தவரிடம் கேட்காமல் பஸ்ஸில் வந்தவரிடம் மட்டும் கேட்பது, நம்மவரை விட்டுவிட்டு அயலாரை மட்டும் கேட்பது ஆகியவை முறையல்ல. எல்லாருக்கும் ஒரே புத்தகம் என்றால் யாருக்கும் மனவருத்தம் இராது.

இனிப் பணத்துக்கு வருவோம். இதற்கு ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே, யாரிடமிருந்து வந்ததோ அவருக்கே திரும்பிப் போக வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு நாளைக்கு 300 வெள்ளி வீதம் இரண்டு நாளுக்கு 600 வெள்ளி கட்டி, மகன் தன் பெற்றோருக்கு வீடு பதிவு செய்கிறான். பெற்றோர் ஒரு நாள் தங்கிவிட்டு, குளிர் தாங்கவில்லை என்று கிளம்புகிறார்கள். மீதி 300 வெள்ளியைக் கையில் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். இரக்கப்பட்டு நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். அடுத்த வாரம் மகன் தளத்தில் புகார் எழுதி அதே 300 வெள்ளியைத் திரும்பப் பெறுகிறான். தந்தைக்கு நீங்கள் கொடுத்தது அவனுக்குத் தெரியாது. யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் உங்களுக்கு 300 வெள்ளி நட்டம். "உங்கள் மகனையே தளத்தில் எழுதச் சொல்லுங்கள் ஐயா, அவருக்கே திரும்பி வரும்" என்று பணிவாகச் சொல்லியிருந்தால் இது நேர்ந்திருக்காது. வைப்புத்தொகைக்கும் இதே விதிதான்.

இந்த விதியே நான்காம் வகையான ஏமாற்றிலிருந்தும் நம்மைக் காக்கும். ஏமாற்று பல வேடங்களில் வருகிறது. ஒருவர் தம் நிறுவனத்தின் விருந்தினர்களுக்காக உங்கள் வீட்டை எடுப்பதாக எழுதுவார். வாடகை 900 வெள்ளி; ஆனால் 2,400 வெள்ளி செலுத்திவிட்டதாக ரசீதுப் படம் அனுப்புவார். "எழுத்தர் தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டார். மீதி 1,500 வெள்ளியை இந்த வேன் ஓட்டுநர் கணக்கில் போட்டுவிடுங்கள்" என்பார். ரசீதுப் படம் போலியாக இருக்கும். அல்லது பணம் திருட்டு அட்டையிலிருந்து வந்திருக்கும். நீங்கள் அனுப்பிய 1,500 வெள்ளி மட்டுமே உண்மையான பணம். அது போனது போனதுதான். ரசீதுப் படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் வந்திருந்தாலும் மூன்றாம் ஆள் கணக்குக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள், வங்கியிடம் சொல்லுங்கள்.

இன்னொரு வேடம் இதைவிடக் கொடியது. உங்கள் வீட்டுப் படங்களை எடுத்து முகநூலில் போட்டு, மலிவு விலை சொல்லி, வேறொருவன் முன்பணம் வாங்கிவிடுவான். ஏமாந்த குடும்பம் விடுமுறை நாளில் மலையேறி வந்து, கையில் ரசீதோடு உங்கள் வாசலில் நிற்கும். உள்ளே வேறொரு குடும்பம் தங்கியிருக்கும். அப்போது அவர்கள் கோபமெல்லாம் உங்கள்மேல் பாயும். பதிலுக்குக் கோபப்பட வேண்டாம். அவர்களும் வயிற்றெரிச்சலில் நிற்பவர்கள். யாருக்கு, எந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பினார்கள் என்று கேட்டு, அது உங்கள் கணக்கு அல்ல என்பதைக் காட்டுங்கள். உடனே 997 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். இது 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் போய்ச் சில மணி நேரத்துக்குள் சொன்னால் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. காவல் நிலையத்தில் புகார் செய்ய அவர்களுக்கு வழி காட்டுங்கள். உங்கள் வீட்டுப் படங்கள் களவாடப்பட்டதற்கு நீங்களும் தனியே புகார் செய்யுங்கள். அன்றிரவு தங்க அக்கம்பக்கத்தில் வேறு இடம் காலியாக இருந்தால் சொல்லி அனுப்புவது மனிதத் தன்மை. இதுபோல் ஏமாறாமல் இருக்க, பணம் அனுப்புமுன் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் சரிபார்க்கலாம் என்பதையும் உறவினர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

அடுத்து, வீட்டுக்காரருக்காகச் சாவி வைத்திருக்கும் தாய்மார்களுக்குச் சில வார்த்தை. உங்களுக்குக் கிடைப்பது ஒரு முறை துப்புரவு செய்தால் இத்தனை வெள்ளி என்ற கூலிதான். அந்தக் கூலிக்கு வீட்டின் முழுப் பொறுப்பையும் தலையில் சுமக்காதீர்கள். ஒவ்வொரு முறையும், யார் வருகிறார்கள், எத்தனை பேர், யாரிடம் சாவி கொடுக்கலாம் என்பதை வீட்டுக்காரர் உங்கள் கைப்பேசிக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதில் இல்லாத ஆள் வந்தால், அவர் யாருடைய பெயரைச் சொன்னாலும், வீட்டுக்காரரை அழைத்து எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கதவைத் திறங்கள். விருந்தினர் உள்ளே போகுமுன்பும் போன பின்பும் அறைகளைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். உடைந்த கண்ணாடிக்கு உங்கள் கூலியில் பிடித்தம் செய்யும் பேச்சு அப்போது வராது. மிக முக்கியமாக, பிறர் வாடகைப் பணம் உங்கள் வங்கிக் கணக்கு வழியாகப் போக இடம் கொடுக்காதீர்கள். அது மோசடிப் பணமாக இருந்தால் முதலில் விசாரணைக்குப் போவது கணக்கில் பெயர் உள்ளவர்தான்.

அடுக்குமாடி வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் இன்னொரு செய்தியையும் அறிய வேண்டும். கோலாலம்பூர் மோன் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் என்ற அடுக்குமாடியில், குறுகிய கால வாடகைக்கு வீடு விடக் கூடாது என்று நிர்வாக அமைப்பு விதி இயற்றி, மீறினால் நாளொன்றுக்கு 200 வெள்ளி தண்டம் என்றது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. 2020ஆம் ஆண்டில் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. இப்படிச் சில நாள் தங்குகிறவர் குடியிருப்பு வாடகைதாரர் அல்லர், அனுமதியின் பேரில் தங்குகிறவரே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் அடுக்குமாடியில் என்ன விதி என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். உரிமம் பற்றிக் கேமரன் மலை மாவட்ட மன்றத்தில் விசாரியுங்கள். பெயர் தெரியாத ஆட்கள் அடிக்கடி மாறி மாறி வருவதைக் கண்டுதான் அண்டை வீட்டார் புகார் செய்கிறார்கள். காவலாளியிடம் முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுத்து வைத்தால் பாதிப் புகார் குறையும்.

வரியிலும் தங்குகிறவர் யார் என்பதே கணக்கு. 2017 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வந்தது. 2023 முதல் இணையத் தளங்களில் செய்யும் பதிவுகளுக்குத் தளங்களே அதை வசூலிக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினருக்காகக் கிள்ளானில் உள்ளவர் பதிவு செய்தால், பதிவு செய்தவர் மலேசியர், தங்குபவர் வெளிநாட்டவர். உங்கள் சிறிய வீட்டுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதைச் சுங்கத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நேயர்களே, இதுவரை சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். பதிவு செய்தவர், பணம் கட்டியவர், தங்குகிறவர் ஆகிய மூவரையும் சாவி கொடுக்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். தங்குகிறவர்களில் வயது வந்த ஒருவரைப் பொறுப்பாளராக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை வந்த வழியிலேயே திருப்புங்கள். பேச்சை எழுத்தில் வையுங்கள்.

"வந்தவரைப் பெயர் கேட்பது மரியாதையா?" என்று நம் பெரியவர்கள் தயங்குவதுண்டு. அந்தக் காலத்தில் வந்தவர் உறவாகவோ ஊராகவோ இருந்தார், கேட்காமலே தெரிந்திருந்தது. இன்று தெரியாத ஒருவரை நம் கூரையின் கீழ் தூங்க வைக்கிறோம். அவர் பெயரைத் தெரிந்துகொண்டால்தான், மழை வலுத்த இரவில் மலை சரிகிறது என்று செய்தி வரும்போது, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப முடியும்.